மைக்கில் வந்த ஆஸ்திரேலியா

சிவசாமி வீட்டு ஆண்பிள்ளைகள் வரப்பைவிட்டு இறங்கியதில்லை. இதை அவரே சொல்லுவார்; கேட்காதவர்களிடமும் சொல்லுவார். குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நிற்பது, "அந்த மூலையில தண்ணி நிக்குது பாரு" என்று விரலை நீட்டுவது, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிக் காப்பி குடிப்பது. மூன்று தலைமுறையாக அந்த வீட்டு விவசாயம் இதுதான். தாத்தா அப்படி நின்று பார்த்தது ஏழு வேலி, அதாவது நூற்று நாற்பது மா. சிவசாமி நின்று பார்ப்பது எட்டு மா, மூன்று ஏக்கர் கூடத் தேறாது. குடை மட்டும் தாத்தா காலத்து அளவிலேயே இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஹரிஷ், மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, திருவாரூர் வீரையனிடம் அறுவடை வண்டி ஓட்டப் போனான். டயர் வண்டி கூட இல்லை. சேற்றில் இறங்குகிற பெல்ட் வண்டி. சிவசாமி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நம் ஊர் எல்லைக்குள் அந்த வண்டியின் மேல் உன்னை யாரும் பார்க்கக் கூடாது. சொந்த நிலத்து அறுப்பைக் கூட அவன் கிழக்கு வெளுக்கும்போதே ஆரம்பித்து, ஊர் பல் விளக்கி வருவதற்குள் முடித்துவிடுவான். "பையன் என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால் சிவசாமியிடம் பதில் தயாராக இருந்தது. "ஆராய்ச்சி."

ஐந்து வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு ஹரிஷுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நெல் பண்ணை வாய்த்தது. ஏஜென்ட் யாரும் இல்லை. அவனாகவே இணையத்தில் தேடி, பெல்ட் வண்டியின் வெட்டுப் பிளேடைக் கழற்றி மாட்டுவதைப் படம் பிடித்து அனுப்பி, இரண்டு தடவை வீடியோவில் பதில் சொல்லிப் பிடித்த வேலை. விசாவுக்குப் பண்ணையே ஸ்பான்சர். பாக்கி இருந்தது ஒன்றுதான். அவன் வேலை பார்த்த இடங்களிலிருந்து இரண்டு பேர் போனில் அவன் அனுபவத்தை உறுதி செய்ய வேண்டும். ஒருவர் வீரையன், அவர் சொல்லியாகிவிட்டது. மற்றவர் சொந்த நிலத்துக்காரர், சிவசாமி.

"அப்பா, தமிழ்லயே பேசுவாங்க. நான் என்னென்ன வேலை செஞ்சேன்னு கேப்பாங்க. செஞ்சத சொன்னா போதும். இதுல இல்லேன்னு ஆயிட்டா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"எனக்குப் பேச சொல்லித் தர்றியா?" என்றார் சிவசாமி.

ஆனால் தெரியாத நம்பரிலிருந்து மூன்று நாளாக வந்த அழைப்பை அவர் எடுக்கவில்லை. தன் அறுபதாம் கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது. பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. அதில் தன் பெயருக்குக் கீழே இருந்ததைப் படித்துவிட்டு ஹரிஷ் கேட்டான்.

"வேளாண் விஞ்ஞானி, ஆஸ்திரேலியா. யாருப்பா இது?"

"நீதான்."

"நான் டிரைவர்ப்பா."

"அச்சடிச்சாச்சு" என்றார் சிவசாமி. அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பது அவர் அபிப்பிராயம்.

திருக்கடையூர் கோயிலில் அன்று காலை மட்டும் பதினோரு மாப்பிள்ளைகள். எல்லோருக்கும் அறுபது. பத்து பேர் மனைவிக்குத் தாலி கட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போனார்கள். பதினோராவது மாப்பிள்ளை சிவசாமி மட்டும் மேடை, மைக், சவுண்டு பாக்ஸ் சகிதம் பக்கத்துத் தெரு மண்டபத்தைப் பிடித்திருந்தார். வாசல் பிளெக்ஸில் ஹரிஷ் கோட்டு போட்டு நின்றான். கழுத்துக்கு மேல்தான் ஹரிஷ். கோட்டு யாருடையது என்பது பிளெக்ஸ் கடைக்காரருக்குத்தான் தெரியும். உண்மையான ஹரிஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தான்.

மேடையில் மைக்கைப் பிடித்திருந்தவர் வைத்தியலிங்கம், சிவசாமியின் மனைவி நீலாயதாட்சியின் அண்ணன். தங்கையையும் மாப்பிள்ளையையும் வாழ்த்த ஏறியவர், தன் மருமகன் அமெரிக்காவில் வாங்கிய வீட்டின் மூன்றாவது பாத்ரூம் வரை வந்திருந்தார். சிவசாமி மாலைக்குள் நெளிந்தார். அப்போதுதான், வைத்தியலிங்கத்தின் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைத்திருந்த சிவசாமியின் போன் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்த வைத்தியலிங்கத்தின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "கம்பெனியாம் மாப்ள. ஆஸ்திரேலியா விஷயமாம்."

பண்ணை முதலாளியே போனில் கூப்பிட்டு வாழ்த்துவார் என்று ஒரு வாரமாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார் சிவசாமி. சொல்லிச் சொல்லி அவருக்கே நம்பிக்கை வந்திருந்தது.

"ஸ்பீக்கர்ல போட்டு மைக்குகிட்ட வைங்க மச்சான்" என்றார். "எல்லாருந்தான் கேக்கட்டுமே."

"ஏங்க, என்னன்னு முதல்ல கேளுங்க" என்றாள் நீலாயதாட்சி. மேளம் நின்றது. மண்டபம் முழுக்க ஒரு பெண் குரல் ஒலித்தது.

"வணக்கம் சார். என் பேரு பிரின்ஸி. ஹரிஷோட வேலை அனுபவம் பத்தி சரிபார்க்கறதுக்காகக் கூப்பிடுறேன். மூணு நாளா டிரை பண்றேன் சார், இன்னிக்கு முடிச்சாகணும். உங்க நிலத்துல ஹரிஷ் என்ன வேலை செஞ்சார்?"

பந்தியில் சாம்பார் வாளி நின்றது.

சிவசாமி தொண்டையைச் செருமினார். முன் வரிசையில் முப்பது தலைகள். மூன்று தலைமுறை அவர் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"வேலையா? எங்க வீட்டு ஆம்பளைங்க வரப்ப விட்டு எறங்கறது இல்லம்மா. மேற்பார்வைதான்."

"சரிங்க சார்." தட்டச்சு செய்கிற சத்தம் சவுண்டு பாக்ஸில் கேட்டது. "வயல்ல இறங்கி வேலை செஞ்ச அனுபவம் இல்லன்னு எழுதிக்கிறேன். அப்ப இந்த ஸ்பான்சர் இவருக்குப் பொருந்தாது சார். மேற்பார்வைக்கு அங்க ஆளு இருக்காங்க. நன்றி சா…"

"இரும்மா."

சிவசாமி பந்தியைப் பார்த்தார். ஹரிஷ் தலையைத் தூக்கவில்லை. குனிந்தபடி அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றினான். அந்த இலையில் இன்னும் சோறே வைக்கவில்லை.

வைத்தியலிங்கம் மெதுவாகப் போனை மைக்கிலிருந்து நகர்த்தினார். "தனியா பேசிக்கலாம் மாப்ள, மானம் போகுது."

"மைக்க விட்டு எடுக்காதீங்க மச்சான்" என்று இரண்டையும் பிடுங்கிக்கொண்டார் சிவசாமி. "ஏம்மா, அடிச்சத அழி. நான் வரப்ப விட்டு எறங்கல. அவன் எறங்கினான்."

"என்ன வேலை செஞ்சாருன்னு சொல்ல முடியுங்களா சார்?"

"போன தை மாசம். திருவையாறு பக்கம் ஒரு வயல். அறுப்புல வண்டி பொதைஞ்சு போச்சு, பெல்ட்டு வெளியில தெரியாத அளவுக்கு. நிலத்துக்காரரு டிராக்டர் கொண்டாந்து இழுக்கலாங்கிறாரு. இவன் வேணாங்கிறான். டிராக்டரும் பொதையும்னான். முதல்ல தொட்டியில இருந்த நெல்ல பூரா சாக்குல எறக்கச் சொன்னான். பாரம் கொறையணும்ல?"

"ஆமா சார்." தட்டச்சு சத்தம் வேகம் பிடித்தது.

"அப்பறம் எறங்கினாம்மா. தொடை வரைக்கும் சேறு. மம்முட்டிய வாங்கி பெல்ட்டுக்கு முன்னாடி இருந்த சேத்த அவனே வாரிப் போட்டான். தென்ன மட்டைய பரப்பி, ரெண்டு பெல்ட்டுக்கும் குறுக்கால ஒரு சவுக்குக் கட்டையக் கட்டி, மேல ஏறி ஒக்காந்து நகத்துனான் பாருங்க, இஞ்சு இஞ்சா. அவசரமே படல. கட்டை அடியில போவ போவ வண்டி எந்திரிக்குது. ஒத்த ஆளு தள்ளல. மேல வந்ததும் நேரா பம்புசெட்டுக்குப் போயி தன் காலக் கழுவல. வண்டி பெல்ட்டத்தான் கழுவினான்."

பின் வரிசையில் ஒரு கிழவர், "தொட்டிய முதல்ல காலி பண்ணினான் பாத்தியா, அதான் வேலக்காரன்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது மேடை வரை கேட்டது.

"எங்க எட்டு மாவையும் அவந்தான் அறுக்கறான்" என்று தொடர்ந்தார் சிவசாமி. "விடியகாலையில. நான் தூங்குறேன்னு நெனச்சுக்குவான். ஜன்னல்ல நின்னு பாப்பேன். ஒரு கதிரு விட்டதில்ல. வண்டி சத்தம் மாறினாலே எந்த பேரிங்குன்னு சொல்லிடுவான். அத எழுதுனீங்களா? பேரிங்கு."

"எழுதிட்டேன் சார். போதும் சார்."

"நடவு மெஷின் பத்திக் கேக்கலியே நீங்க."

"தேவையானது எல்லாம் வந்துருச்சு சார். நல்லா சொன்னீங்க."

"இல்லம்மா, கேளுங்க" என்றார் சிவசாமி. ஆறு நிமிஷம் கழித்து பிரின்ஸியே நன்றி சொல்லி வைத்தாள். வைக்காமல் இருந்திருந்தால் அன்று மதியச் சாப்பாடு மாலையில்தான் முடிந்திருக்கும்.

ஹரிஷ் வாளியோடு மேடை ஓரம் வந்து நின்றான்.

"அன்னிக்கி வந்திருந்தீங்களாப்பா?"

"பஸ்ல போயிட்டு இருந்தேன். நின்னுது, எறங்கினேன்."

"அந்த எடத்துல பஸ்ஸு நிக்காதுப்பா."

சிவசாமி மாலையைச் சரி செய்துகொண்டார். "அவரு நல்ல கண்டக்டரு" என்றார்.

"அதான் அன்னிக்கி பொழுது சாஞ்சு வந்தீங்களா?" என்றாள் நீலாயதாட்சி. "பையன் வேல பாக்கறத நின்னு பாத்தேன்னு சொன்னா நான் என்ன, வேணாம்னா சொல்லப் போறேன்?"

கார்த்திகையில் விசா வந்தது. வழியனுப்புவதற்கு சிவசாமி புதிய பிளெக்ஸ் வைத்தார். கோட்டு இல்லை. சேறு அப்பிய பெல்ட் வண்டி, அதன் மேல் கைலியோடு ஹரிஷ். கீழே, அறுவடை இயந்திர ஓட்டுநர், ஆஸ்திரேலியா. எழுத்து பழைய விஞ்ஞானியைவிட ஒன்றரை மடங்கு பெரிது. வைத்தியலிங்கம் அதைப் பார்த்துவிட்டு மூன்றாவது பாத்ரூமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதும் சிவசாமி காலையில் குடையோடு வரப்புக்குப் போகிறார். காலில் பொட்டுச் சேறு ஒட்டாமல் திரும்புகிறார். ஆனால் அறுப்புக் காலத்தில் சுற்று வட்டாரத்தில் எங்கே வண்டி புதைந்தாலும், சொல்லி அனுப்பாமலே போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

"டிராக்டர கூப்பிடாத" என்கிறார் வரப்பில் நின்றபடி, விரலை நீட்டி. "முதல்ல தொட்டியக் காலி பண்ணு. நாங்கல்லாம் அப்படித்தான் எடுப்போம்."