ரின்னும் டின்னும்

1

இந்தக் கதை ஒரு தகரப் பேணிக்குள்ளிருந்து வந்தது. பென்சன் எடுத்தவனுக்கு இணையத்தில் போகக்கூடாத இடமென்று ஒன்றில்லை. அப்படி அலைந்த ஒரு பகல், உலகத்துப் பியர் எல்லாவற்றையும் குடிப்பவர்களே கூடிப் பதிந்துவைக்கும் ஒரு தளத்தில் இடறி விழுந்தேன். பெயர், நிறம், நுரை, வாசம், சுவை, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம். யாரும் பதியலாம். சம்பளமில்லை, நன்றியுமில்லை. கிளிநொச்சி என்று தேடினேன். ஒரே கொம்பனியின் ஒரே பியர் இரண்டு பக்கங்களில் கிடந்தது. ஒன்றின் பெயரில் 'ரின்'*, மற்றதில் 'டின்'. ரின்னுக்கு இரண்டு நட்சத்திரம், டின்னுக்கு நாலரை.

(பியரின் பெயரைச் சொல்லமாட்டேன். கொம்பனிக்காரர் எனக்கு ஒரு பேணிகூட அனுப்பவில்லை.)

நான் கண்டது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் புளுகு.

* தகரப் பேணியை யாழ்ப்பாண வழி வந்தவர்கள் 'ரின்' என்று எழுதுவோம், மலையக வழி வந்தவர்கள் 'டின்' என்று எழுதுவார்கள். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். தளத்தை நடத்தும் பின்லாந்துக்காரருக்கு இது தெரியாது. அதனால் உலகத்தில் ஒரு பியர் கூடிவிட்டது.

2

முதல் ஆரம்பம்: "தவராசா பொறாமை என்றால் என்னவென்று அறியாதவர்." அடித்துவிட்டேன். அப்படியொரு ஆளை வைத்து நான் என்ன செய்ய?

இரண்டாவது: "தவராசாவின் எரிச்சல் இரணைமடுக் குளத்தின் வான்கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டாலும் வடியாது." இது இருக்கட்டும்.

தவராசா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்கால் அளந்து ஓய்வுபெற்றவர். ரின்னைப் பதிந்தவர் இவர்தான். சீனி வருத்தம் என்பதால் டொக்டர் இரண்டு மிடறுக்கு மேல் விடவில்லை, மிச்சம் வாழைக்குப் போகும். அவர் வளவு வாழைகள் காற்றில்லாத நேரத்திலும் ஆடும் என்று அயலுக்குள் பேச்சு. கிளாஸில் ஊற்றியவுடன் விரலை வைத்து அளப்பார். பிறகு எழுதுவார்: "நுரை: இரண்டு விரல். நிறம்: மாரிக்குளம். கசிவு: இல்லை."

டின்னைப் பதிந்தவர், பெயரோடு ஊரையும் போட்டிருந்த ஜெயபுரத்து நல்லதம்பி. கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் எழுதியது இது:

"தொறந்தா பஸ் கதவு மூடுற சத்தம். மொத வாய், மொட்டை போட்ட தலையில தண்ணி ஊத்துன மாதிரி. ரெண்டாவது வாய்க்குப் பொறகு மாமியார் ஊருக்குப் போயிட்ட மாதிரி வீடே பெருசாயிருது."

[இதை நான்தான் எழுதினேன். தவராசாவுக்கு எழுதும்போது வராதது இந்த ஆளுக்கு எழுதும்போது தானாக வருகிறது. எனக்கே எரிகிறது என்றால் தவராசாவை யோசியுங்கோ.]

3

நட்சத்திரத்தையாவது தவராசா பொறுத்திருப்பார். பிழை விட்டது அவரேதான். போனைக் கொண்டுபோய் மனைவி ஜெகதீஸ்வரிக்குக் காட்டினார். எழுத்துப் பிழையைக் காட்டத்தான்.

"இஞ்ச பாரும், டின்னாம். தமிழ்ச் சொல் டகரத்தில தொடங்குமோ?"

"ரகரத்தில மட்டும் தொடங்குமோ?" என்றார் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற ஜெகதீஸ்வரி.

அதோடு போனைத் திருப்பித் தந்திருக்கலாம். தரவில்லை. கீழே வாசித்தார். மாமியார் ஊருக்குப் போன இடம் வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தத்துக்குப் பரந்தன் சந்தியில் பஸ் நின்றுவிட்டது. [புளுகு கூடிவிட்டது. சரி, பஸ் நிற்கவில்லை, மெதுவாகப் போனது.] அந்தச் சிரிப்பைத் தவராசா கலியாணமான புதிதில் கேட்டிருந்தார், அதுவும் அவருடைய பகிடிக்கில்லை, அவர் வாய்க்காலுக்குள் விழுந்ததற்கு.

அன்றிலிருந்து காலைத் தேத்தண்ணியோடு ஒரே கேள்வி: "இஞ்சாருங்கோ, டின்காரர் புதுசா ஏதும் எழுதினவரோ?"

ரின்காரரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

4

இந்த நேரம் பார்த்துப் பின்லாந்துக்காரர் எழுதினார். ரின்னும் டின்னும் ஒரே பியரா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதலில் பதிந்தவர் தவராசா, ஆகவே அவரே சொல்லட்டும். ஒன்றென்றால் பிந்திய பக்கம், எழுதிய குறிப்புகளோடு அழியும். கீழே இரண்டு பட்டன்: ஆம், இல்லை.

உண்மையைச் சொல்லியே ஒரு ஆளை ஒழிக்கலாம். அரசாங்க சேவையில் இருந்த காலம் முழுக்கத் தவராசாவுக்கு இப்படியொரு வாய்ப்புக் கிடைத்ததில்லை. இருந்தாலும் பட்டனை அமத்த முன்னம் ஆளை ஒருக்கால் பார்க்கவேணும் என்று தோன்றியது. ஜெயபுரம் போய்வரப் போகிறேன் என்றார்.

"நானும் வாறன்" என்றார் ஜெகதீஸ்வரி. கலியாண வீடுகளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த சீலையை எடுத்தார்.

["ஜெகதீஸ்வரி கண்ணாடிக்கு முன் நின்றபோது தவராசா" என்று ஒரு வசனம் தொடங்கினேன். அதற்கு மேல் பார்க்க அவரால் முடியவில்லை, எழுத என்னாலும் முடியவில்லை.]

நல்லதம்பியை நான் அழகனாக ஆக்கத்தான் இருந்தேன். கடைசி நேரத்தில் மனம் வரவில்லை. கட்டையான, கூச்சப்பட்ட மனிதர் படலையைத் திறந்தார். எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்றார். ஜெகதீஸ்வரி பியரைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார், பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். எல்லாம் ஆமாங்கதான். தவராசாவின் மார்பு அரை அங்குலம் விரிந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த நல்லதம்பியின் மனைவி அழகம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்ல இவரு வாயத் தொறக்கறது கொட்டாவிக்குத்தாங்க" என்றார். "பியருக்குச் சொல்றதுல கால்வாசி எனக்குச் சொல்லியிருந்தா நானும் நாலரை நச்சத்திரம் போட்டிருப்பேன்."

"எங்கட ஆள் இன்னும் என்னை விரலால அளக்கேல்லை. அது ஒண்டுதான் மிச்சம்" என்றார் ஜெகதீஸ்வரி.

இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். புருசன்மார் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வெளிக்கிடும்போது நல்லதம்பி படலைவரை வந்து, குரலைத் தணித்து, தவராசாவிடம் முதல்முறையாக நீளமாகப் பேசினார்:

"ஐயா, உங்க ரெண்டு விரல் நுரைய நானும் வச்சு வச்சுப் பாத்தேங்க. எனக்கு ஒரு நாளும் ஒண்ணரைக்கு மேல வரல. உங்க மேல பொறாமையாவே இருக்குங்க."

பட்டனைப் பற்றித் தவராசா மூச்சு விடவில்லை.

5

முடிவு, ஒன்று: தவராசா 'ஆம்' அமத்துகிறார். உண்மை வெல்கிறது, டின் அழிகிறது. காலையில் ஜெகதீஸ்வரி அதே கேள்வியைக் கேட்கிறார். "ஒண்டும் எழுதேல்லை" என்கிறார் தவராசா. அதுவும் உண்மை. [இதைத் தட்டும்போது எனக்கு நல்ல சந்தோசம். அதனால்தான் இந்த முடிவில் நம்பிக்கையில்லை.]

முடிவு, இரண்டு: 'இல்லை' அமத்துகிறார். கிழக்கு வன்னியில் குடித்தால் ரின், மேற்கு வன்னியில் குடித்தால் டின், தண்ணீரின் தன்மை வேறு என்று வாழ்க்கையின் முதலாவது பொய் அறிக்கையை அனுப்புகிறார். பிறகு ஒவ்வொரு காலையும் வேறொருவரின் வரிக்கு மனைவி சிரிப்பதை, போனைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். பெருந்தன்மை. தவராசாவிடம் அது இல்லை. என்னிடம் கடன் வாங்கலாமென்றால் என்னிடமும் இல்லை.

முடிவு, மூன்று: அவர் எதையும் அமத்தவில்லை. ஒரு புது ரின்னை உடைத்து ஊற்றுகிறார். தன் பழைய குறிப்பை அழித்துவிட்டு எழுதுகிறார்: "நுரை: இரண்டு விரல். இவ்வளவு காலமும் அதையே அளந்துகொண்டு" நிறுத்துகிறார். அழிக்கிறார். மறுபடி எழுதுகிறார்: "நுரை: இரண்டு விரல். அது இறங்கும்வரைக்கும் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கலாம் என்று எனக்கு இதுவரை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை."

போனை நீட்டுகிறார்.

"ஆர், டின்காரரோ?"

"வாசியுமன்."

ஜெகதீஸ்வரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார். தவராசா அவாவின் கதிரைக்குப் பின்னால் நிற்கிறார், நானும் அவரோடு நின்றுவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிவது அவாவின் கொண்டை மட்டும்தான். தோள் அசைகிறது மாதிரி இருக்கிறது. சிரிப்போ, போனைத் தூக்கிப் பிடித்த களைப்போ, தெரியவில்லை.

நீங்கள் முன்பக்கத்தில் நிற்கிறீர்கள். அவாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. அதன்படி இவர் பட்டனை அமத்துவார்.