சுருட்டையின் அம்மா வேலை செய்யும் இடம்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுவது என்று ஒரு திட்டம் உண்டு. தலைமையாசிரியை போட்ட திட்டம். அவ்வப்போது ஒரு சுற்றுலா, சுற்றுலா முடிந்ததும் ஒரு தாள். தாளில் இரண்டே கேள்விகள்: நீ கண்டது என்ன? உனக்குப் பிடித்தது எது? உலகத்தைப் பற்றி இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும்.

அதோடு ஒரு கயிறும் உண்டு. நீளமான கயிறு, அதில் வரிசையாகத் துணி வளையங்கள், ஆளுக்கொரு வளையம். முதல் வளையம் வகுப்பாசிரியையான என் கையில். பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் யாரும் கயிற்றை விடக் கூடாது. முதல் வளையத்தைப் பிடித்திருப்பவர் சொல்வதுதான் சட்டம். பிள்ளைகள் அதற்குப் பாம்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்த்து யாரோ கைதியைக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள், கைதி யார் என்பதில்தான் தவறு.

ஆண்டின் தொடக்கத்தில் எனக்குக் கொஞ்சம் புத்தி மங்கியிருந்தது போலும். "எங்க போலாம்? நீங்களே சொல்லுங்க" என்று வகுப்பில் கேட்டுவிட்டேன். நிலாவுக்கு என்றது ஒன்று. ஐஸ்கிரீம் செய்கிற இடத்துக்கு என்று பாதி வகுப்பு கத்தியது. எங்கே போனாலும் போன கையோடு கழிப்பறை தேடும் பையன் ஒருவன் இருக்கிறான். வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் அவசரம். அவன், "வீட்டுக்கு" என்றான். கடைசியில் சுருட்டை எழுந்தாள். அவள் முடிக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது, அவளே தாளில் அப்படித்தான் எழுதுவாள்.

"எங்க அம்மா வேலை செய்யற எடத்துக்குப் போலாம் டீச்சர்."

"அம்மா எங்க வேலை செய்யறாங்க?"

"எல்லார் வீட்டு கக்கூஸ் தண்ணியும் அங்கதான் வரும். அம்மா அதை நல்ல தண்ணியா மாத்தி வெளிய விடுவாங்க. அங்க எங்க அம்மாதான் பெரிய ஆளு."

வகுப்பு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. சுருட்டை அசரவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது போல நின்றாள். அவள் நின்ற விதத்துக்காகவே, "கண்டிப்பா போறோம்" என்றேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான்.

ஓர் இடம் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று பார்க்கத் தலைமையாசிரியையிடம் ஒரே அளவுகோல்தான்: நடைக்கூடத்துச் சுவரில் படமாக மாட்ட முடியுமா?

"கழிவுநீர் நிலையமா? அதைப் போட்டோ எடுத்து எங்க மாட்டறது டீச்சர்?"

"படத்துல நாத்தம் வராதே மேடம்."

"பாக்கறவங்க மூக்குக்கு வரும். அடுத்த தடவை யோசிக்கலாம்."

அந்த 'அடுத்த தடவை'யை அப்படியே கொண்டுவந்து சுருட்டையின் கையில் கொடுத்தேன். அவள் அதை நம்பி வாங்கிக்கொண்டாள்.

முதலில் தீயணைப்பு நிலையம். நாங்கள் போய் இறங்கவும், மணி அடித்து வண்டிகள் வெளியே பறக்கவும் சரியாக இருந்தது. எங்கோ நிஜமாகவே தீப்பிடித்துவிட்டதாம், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். வண்டி நின்ற இடத்திலிருந்த எண்ணெய்க் கறையைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு வந்தோம். அடுத்து ரொட்டித் தொழிற்சாலை. அன்று இயந்திரம் கழுவும் நாள், ஆகவே மாவு மூட்டைகளைப் பற்றி விரிவாகத் தெரிந்துகொண்டோம். தபால் நிலையத்தில் அவரவர் வீட்டுக்கு அவரவர் கடிதம் போட்டார்கள், அதில் பாதி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அருங்காட்சியகத்தில் ஒரு பானைக்கு முன்னால் எங்களை நிறுத்தி வழிகாட்டி பேசினார். அந்தப் பானையைச் செய்தவனே அதற்கு அவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டான். இடையில் வகுப்பிலேயே பஞ்சில் விதை போட்டோம். பாசம் தாங்காமல் ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றியதில் விதைகள் அழுகிப்போயின. சுவரில் இருக்கும் படத்தில் பிள்ளைகள் சூழ நிற்பது தலைமையாசிரியை வீட்டுத் தொட்டியிலிருந்து பிடுங்கி வந்த செடி.

எந்த இடமானாலும் முதல் தரிசனம் கழிப்பறைதான். "டீச்சர்" என்று அவசரம் ஒருவன் நெளிந்தால் போதும், கொட்டாவி போல வரிசை முழுக்கப் பரவிவிடும். அதனால் தாள்களைப் படித்தால் பிள்ளைகள் கண்ட உலகம் தெளிவாகவே தெரியும். நீ கண்டது என்ன? பஸ். உனக்குப் பிடித்தது எது? ஜன்னல் சீட். அருங்காட்சியகத்தில் பிடித்தது, கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வரும் குழாய். சுருட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலை எழுதினாள்: 'அடுத்த தடவை எங்க அம்மா இடம்.'

வகுப்பில் வக்கீல் என்று ஒருவன் இருக்கிறான். எதையும் சும்மா ஒப்புக்கொள்ள மாட்டான். அருங்காட்சியகத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவன் தீர்ப்பு சொன்னான்.

"அப்படி ஒரு எடமே கெடையாது. இருந்தா டீச்சர் கூட்டிட்டுப் போயிருப்பாங்கல்ல? நீ புளுகுமூட்டை."

அவன் வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. பஸ் முழுக்கப் 'புளுகுமூட்டை' என்று பாட்டுக் கட்டியது. அதட்டி அடக்கினேன். ஆனால் அன்றைய தாளில் இரண்டாம் கேள்விக்குக் கீழே சுருட்டை எதுவும் எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். இயந்திரங்களுக்கு நடுவே பேசிப் பழகிய குரல். அடுத்த அறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"டீச்சர், வர்றீங்களா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க வருவீங்கன்னு ஷிஃப்ட் மாத்திக்கிட்டு, சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறேன். பொண்ணு பாக்க வந்தப்பகூட நான் அப்படி நின்னதில்ல."

"மேலிடத்துல இன்னும் முடிவு..."

"மேலிடம் கெடக்கட்டும். நேத்து ராத்திரி சாப்பிடறப்ப, 'அம்மா, நீ நெசமாவே அங்கதான் வேலை செய்யறியா?'ன்னு கேக்கறா டீச்சர். என் பொண்ணு. என்னையே கேக்கறா." அந்தக் குரல் அங்கே மட்டும் கொஞ்சம் இறங்கியது.

மறுபடி தலைமையாசிரியையிடம் போனேன். "அடுத்த வருஷத் திட்டத்துல சேத்துடலாம்" என்றார் பெருந்தன்மையாக. அடுத்த வருஷம் இவர்கள் நான்காம் வகுப்பு. நான்காம் வகுப்புக்கு உலகம் கிடையாது, வாய்ப்பாடு மட்டும்தான்.

ஆண்டின் கடைசிச் சுற்றுலா பூந்தோட்டத்துக்கு. தலைமையாசிரியைக்கு அன்று ஏதோ கூட்டம். கேமராவை என் கையில் கொடுத்து, "பூவும் பிள்ளைங்களும் சேர்ந்து தெரியணும். பின்னால தண்ணி தெரிஞ்சா இன்னும் விசேஷம்" என்று சொல்லி அனுப்பினார்.

பூக்கள் இருந்தன. கழிப்பறைதான் பூட்டியிருந்தது. ரிப்பேராம். கதவில் தொங்கிய பூட்டை அவசரம் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு கால்களைப் பின்னிக்கொண்டான். கொட்டாவி பரவியது. பாம்பு முழுக்க நெளிந்தது.

"பக்கத்துல வேற எங்கயாவது இருக்கா?" என்று காவலாளியைக் கேட்டேன்.

"அந்த மதிலுக்குப் பின்னாடி கழிவுநீர் நிலையம் இருக்கு. இந்தச் செடிக்கெல்லாம் தண்ணியே அங்கருந்துதான். அங்க கேட்டுப் பாருங்க."

சுருட்டை என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டிருந்தாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கிறது, நான் இன்னும் யோசித்துக்கொண்டு நிற்கிறேன். பூவைப் பற்றித் தலைமையாசிரியை கட்டளை போட்டிருந்தார். மூத்திரத்தைப் பற்றி எந்தக் கட்டளையும் இல்லை. "வாங்க போலாம்" என்று முதல் வளையத்தை இழுத்தேன்.

வாசலுக்கு வந்த அம்மாவின் சட்டை தேய்த்ததாக இல்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதில் சேறு, கையில் ஸ்பேனர். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னைக்குப் பாத்தா வரணும்!" என்று தன்னையே ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார். அதற்குள் அவசரத்தின் முகம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "சரி, மொதல்ல கழிப்பறை. பேச்செல்லாம் அப்புறம்."

கடைசிப் பிள்ளையும் வெளியே வந்ததும் கேட்டார்: "எல்லாரும் போயாச்சா? இப்ப நீங்க போனது எங்க போகுதுன்னு பாக்கலாமா?"

ஆண்டு முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத அமைதி அப்போது கிடைத்தது. அடுத்த நொடி, ஆமாம் என்று ஒரு கூச்சல்.

"மேல நடைபாதை குறுகல். அதை இப்படிக் குடுங்க" என்று என் கையிலிருந்த முதல் வளையத்தை வாங்கிக்கொண்டார். நான் கடைசி வளையத்துக்குப் போனேன்.

முதலில் பெரிய கம்பிச் சல்லடை. அதில் சீப்பு, காலுறை, ஒரு பொம்மையின் கால். பொம்மைக் காலைப் பார்த்ததும் ஒரு குழந்தை மட்டும் திருட்டு முழியோடு தலையைத் திருப்பிக்கொண்டது.

"இதையெல்லாம் கக்கூஸ்ல யாரு போடறா?" என்று வக்கீல் குறுக்கு விசாரணை தொடங்கினான்.

"நீதான். உங்க வீடு, எங்க வீடு, எல்லார் வீடும்தான்."

வக்கீல் குனிந்து தன் காலுறைகளைச் சரிபார்த்துக்கொண்டான். பிறகு குமிழி கொதிக்கும் பெரிய தொட்டி. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் இருக்கின்றனவாம். காற்றை ஊதிவிட்டால் அவை நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு அழுக்கைத் தின்னுமாம்.

"ருசியா இருக்குமா ஆன்ட்டி?" இது அவசரம்.

"இதுவரைக்கும் ஒண்ணுகூட கொறை சொன்னதில்ல."

பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தொட்டிக்கு டாட்டா காட்டினார்கள். இதைப் படம் எடுக்கலாமே என்று நான் வளையத்தை விட்டு ஓர் எட்டு தள்ளி நின்றேன்.

"டீச்சர்!" இயந்திரச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் வந்தது. "கயித்தை விடாதீங்க! வரிசையில வாங்க! போட்டோ கீழ போய் எடுத்துக்கலாம்!"

நான் போய் வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சுருட்டை சிரித்தாள். அந்தப் பாழாய்ப்போன பஸ் பயணத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

கடைசியில் ஒரு பெரிய குழாயிலிருந்து தண்ணீர் தெளிவாக விழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடியது. அங்கே நிறுத்திப் படம் எடுத்தேன்: பிள்ளைகள், தண்ணீர், ஓரத்தில் முதல் வளையத்தோடு அம்மா.

அன்று மாலை எல்லா வீடுகளிலும் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் கற்றதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் பள்ளித் தொலைபேசி ஓயவில்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். "பூ எங்க டீச்சர்?" என்றார் கடைசியாக. "பின்னால தண்ணி தெரியுது மேடம், நீங்க சொன்ன மாதிரியே" என்றேன்.

சுவரைக் காலியாக விடவும் அவருக்கு மனம் வரவில்லை. ஓரத்தை வெட்டிப் படத்தை மாட்டினார். கீழே எழுதியிருந்தது: 'பூந்தோட்டத்தில் எங்கள் மழலைகள்.' சுருட்டையின் அம்மாவில் கத்தரிக்குத் தப்பியது வளையத்தைப் பிடித்த கை மட்டும். இது அநியாயம் என்று வாதாடினேன். "அடுத்த தடவை மாத்திக்கலாம்" என்றார்.

படம் மாட்டிய மறுநாள் இடைவேளையில் நடைக்கூடத்தில் ஒரே சத்தம். பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படத்தின் கீழே படித்துக்கொண்டிருந்தான். சுருட்டை அவனிடம், "அது எங்க அம்மா கை" என்றாள்.

"புளுகாத. தோட்டம்னு எழுதியிருக்கு பாரு."

சுருட்டையின் முகம் சுருங்குவதற்குள் வக்கீல் இடையில் புகுந்தான்.

"எழுதினவங்க வந்தாங்களா? நாங்க போனோம். அது இவ அம்மா எடம். எங்க டீச்சரையே கயித்தைப் பிடிக்க வெச்சாங்க, தெரியுமா?" பிறகு என்னைப் பார்த்துவிட்டான். "வேணும்னா டீச்சரையே கேளு."

பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சுருட்டையும் பார்த்தாள். எனக்குப் பின்னால் தலைமையாசிரியையின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

"ஆமா" என்றேன், இயந்திரங்களுக்கு நடுவே பேசுகிற குரலில். "அது அவ அம்மாதான். நாங்க எல்லாரும் பாத்தோம்."