நாற்பத்தோராவது நிமிடத்து ஆரவாரம்

காது கேளாதவர்களுக்காகப் படங்களின் அடியில் எழுத்து போடுவது அவள் வேலை. பேச்சை மட்டுமல்ல, ஒலியையும் எழுத வேண்டும்: கதவு தட்டும் ஓசை, மழை, கைதட்டல். இந்த வருடம் அவளுக்கு வந்த பதினோராவது விளையாட்டு ஆவணப்படம் இது. சைக்கிள் பந்தயம்.

"இதையெல்லாம் பார்க்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா," என்றார் பிரிவுத் தலைவர். அவருக்கு விளையாட்டு என்றால் உயிர்.

"அப்போ நீங்களே பண்ணுங்க சார். என்னை மாதிரி மொட்டைத் தலைக்கு எதுக்கு சீப்பு?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஏற்கெனவே நீ எழுதின ரெண்டு படம் தப்புன்னு திரும்பி வந்திருக்கு. இதுவும் வந்தா உன் சீட்டுல வேற ஆள்தான். அப்புறம் என்னைக் கேக்காத."

எவன் முந்தினால் என்ன, எவன் பிந்தினால் என்ன. படத்தை முழுதாகப் பார்ப்பதை அவள் நான்காவது படத்தோடு விட்டுவிட்டாள். பேச்சை மட்டும் கேட்டு எழுதுவாள். மற்றதற்குத் திரையின் அடியில் ஓடும் ஒலிக்கோடு போதும். கோடு மலைபோல் எழும்பினால் கூட்டம் கத்துகிறது என்று அர்த்தம். 'ஆரவாரம்' என்று ஒட்டிவிடுவாள். இதில் முப்பத்திரண்டு இடங்களில் ஒட்டி, மதியத்துக்குள் சரிபார்ப்பவருக்கு அனுப்பினாள்.

சரிபார்ப்பவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவர் சரி என்றால்தான் படம் வெளியே போகும். அரை மணியில் கணினியில் அவர் செய்தி வந்தது.

"நாப்பத்தோராவது நிமிஷம் பாருங்க மேடம். ஆரவாரம்னு போட்டிருக்கீங்க. அதெல்லாம் சந்தோஷப்படுற முகமா?"

பார்த்தாள். வளைவில் ஒரு வீரன் தடுப்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தான். ஓரத்தில் நின்றவர்கள் தலையில் கைவைத்துக் கத்தினார்கள். ஒலியைக் கூட்டி மூன்று முறை கேட்டாள். அலறலுக்கு அடியில் ஒரு பெண்குரல் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. தனக்கு ஏதாவது ஆகிறதா என்று கவனித்தாள். பசித்தது, அவ்வளவுதான்.

"தப்புதான். மாத்திடறேன்," என்று தட்டினாள்.

"இந்த ஒரு இடம்தானா? மத்தது சரியா இருந்தா இப்பவே விட்டுடறேன். எனக்குக் கேக்காதே, நீங்கதான் சொல்லணும்."

ஆமாம் என்றால் முடிந்தது. அவள் வேறு எழுத்துகளைத் தட்டினாள்.

"தெரியல. மத்ததையும் நான் பார்க்கல."

அவர் பதில் வந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்கு மேல வந்தா திருப்பித்தான் அனுப்பணும்."

படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். ஒலிக்கோடு எழும்பியது. நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இது ஆரவாரம்தான். அடுத்ததற்குப் போனாள்.

பின்னால் வந்து நின்ற தலைவர் சிரித்தார். "பார்த்தியா, உன்னையே இழுத்துடுச்சு!"

"ஆமா சார்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.