கிணத்துக்கடவு தாண்டிய பிறகு

பொள்ளாச்சி மைதானத்தில் கடைசி விசில் ஊதியபோது வரலட்சுமியின் இரு கைகளும் தட்டுவதற்குத் தயாராக உயர்ந்தபடியே நின்றிருந்தன. தட்டுவதற்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. அவர் ஆதரிக்கும் கால்பந்து அணியான நொய்யல் ரோவர்ஸ் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றுவிட்டது. சமன் செய்திருந்தால்கூட மாவட்ட லீக்கின் முதல் பிரிவில் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். இனி இரண்டாம் பிரிவுதான்.

சமன் செய்யும் வாய்ப்பு வராமலும் இல்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியின் கோல்கீப்பர் தம் இடத்தை விட்டு வெளியே ஓடிவந்துவிட, பந்து உருண்டுபோய் ரியாஸின் இடது காலடியில் நின்றது. எதிரே வெறும் வலை. இடது காலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். ரியாஸ் தட்டவில்லை. தன் வழக்கப்படி பந்தைச் சுற்றிப் பம்பரம்போல் அழகாகத் திரும்பி, அதை வலது காலுக்குக் கொண்டுவந்தான். அந்தத் திருப்பத்துக்கு ஆதரவாளர்கள் 'ரியாஸ் சுத்து' என்று பெயரே வைத்திருந்தார்கள். அதற்கென்று சிக்கந்தர் தம் டிரம்மில் ஒரு தனி அடியும் வைத்திருந்தார். இன்றைக்கும் அவன் சுற்றத் தொடங்கியதும் டிரம் முழங்கியது. முழங்கி முடிவதற்குள் எதிரணி வீரர் ஒருவர் பாய்ந்து வந்து பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்துவிட்டார்.

வரலட்சுமிக்குக் காந்திபுரத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை இருக்கிறது. அணியின் பனியன்களும் அங்கேதான் தைக்கப்படுகின்றன. சீருடைக்கு அளவெடுக்கக் கிணத்துக்கடவுப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்த நாளில், விளையாட்டு மைதானத்தில் பதின்மூன்று வயது ரியாஸைக் கண்டவர் அவர். அவனுடைய தாயார் ரம்ஜான் பீவியின் வீட்டுக்கு நேரில் சென்று, "பையனை எங்க கிளப்புக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று கேட்டுக்கொண்டவரும் அவரே. அன்றிலிருந்து அவனுடைய ஆட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

ஒரு காலத்தில் பேருந்து பிடித்துப் போன ஆதரவாளர் சங்கம், இப்போது சிக்கந்தரின் ஆம்னி வேனுக்குள் அடங்கிவிட்டது. உக்கடத்தில் கார் சீட்டுக்கு உறை போடும் சிக்கந்தர், மில்லில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற கோவிந்தராஜுலு, வரலட்சுமி ஆகிய மூவர்தாம் தவறாமல் வருகிறவர்கள். மூவருமே மிகவும் மரியாதை தெரிந்தவர்கள். எதிரணி வீரர் பந்தை வானத்துக்கு அடித்தால், மற்ற ஊர்க்காரர்களைப் போலக் கூச்சல் போடாமல், "பாத்துப் போங்க" என்று ஒரே குரலில் சொல்வார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த கேலி.

வெளியூர் ஆட்டம் முடிந்தால் வழியில் உள்ள இளம் வீரர்களை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் அவரவர் ஊரில் இறக்கிவிடுவது சங்கத்தின் வழக்கம். அந்த வழக்கத்துக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. வீரர் ஒருவராவது வண்டியில் இருக்கும்வரை யாரும் குறை சொல்லக் கூடாது. கடைசி வீரர் இறங்கிக் கதவு சாத்தப்பட்டதும், கோவிந்தராஜுலு செருமிக்கொண்டு, "அப்பறமுங்க?" என்பார். அதன் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும்.

இன்றைக்கு வண்டியில் ஏறிய வீரர் ரியாஸ் ஒருவனே.

"தரையில புல்லே இல்லீங்க. பந்து எப்புடி நிக்கும்?" என்று கோவிந்தராஜுலு முன் இருக்கையிலிருந்து ஆரம்பித்துவைத்தார்.

"ரெபரிக்கு ஊட்ல ஏதோ விசேஷம்போல. அரைமணி நேரமா வாட்சையேதான் பாத்துட்டு நின்னாரு" என்றார் சிக்கந்தர், வண்டியை ஓட்டியபடியே. "நம்ம கோல்கீப்பரு மட்டும் என்னவாம்? கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்கிற மாதிரி, வந்தவங்களையெல்லாம் வாங்க வாங்கன்னு உள்ள உட்டாரு."

கோல்கீப்பரைக் கேலி செய்வதில் தவறில்லை. அவர் வண்டியில் இல்லை. வரலட்சுமி சிரித்தார். பின் இருக்கையில் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த ரியாஸும் சிரிப்பதுபோல் உதட்டை நகர்த்தினான்.

"நீ நல்லாத்தான் ஆடுன கண்ணு. நேரம் சரியில்லை" என்றார் வரலட்சுமி.

"ஆமாங்க. அந்தச் சுத்து அருமையான சுத்து. கோல் உழுகலீன்னா அதுக்கு என்ன பண்றது" என்றார் கோவிந்தராஜுலு.

ரியாஸ், "சரிங்க சார்" என்றான்.

சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகள் இருட்டத் தொடங்கியிருந்தன. சிறிது நேரம் கழித்து, "செக்ரட்டரி சொன்னாருங்களா?" என்று அவனே கேட்டான். "அடுத்த வருசத்துல இருந்து ஜூனியர் டீம் கெடையாதாமா. இருக்கற பசங்க வேற கிளப் பாத்துக்கணுமாமா. மேட்ச்சுக்குக் கூப்பிடற மாதிரியே என்னை மட்டும் சீனியர் டீமோட பிராக்டிஸுக்கும் வெச்சுக்கறோம்னு சொன்னாரு."

அந்தச் செய்தி மூவருக்கும் மைதானத்திலேயே தெரிந்திருந்தது. அதைப் பற்றிக் கிணத்துக்கடவு தாண்டிய பிறகு பேசலாம் என்று மூவரும் தனித்தனியே மனத்துக்குள் எடுத்து வைத்திருந்தார்கள்.

"உன்னை வெச்சுக்கறாங்கல்ல, அதைப் பாரு சாமி" என்றார் சிக்கந்தர்.

கிணத்துக்கடவு மேம்பாலத்தில் ஏறாமல், ரியாஸை இறக்குவதற்காக வேன் வழக்கம்போலக் கீழ்ச்சாலையில் இறங்கியது. மலைக்கோயிலின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பேக்கரிக்கு முன்னால் சிக்கந்தர் வண்டியை நிறுத்தினார். ரியாஸ் டிரம்மை இருக்கையில் வைத்துவிட்டுக் கதவை இழுத்துத் திறந்தான். ஒரு காலைக் கீழே வைத்தான். பிறகு அந்தக் காலை மீண்டும் உள்ளே எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினான்.

"ஏங் கண்ணு, எதையாச்சும் மறந்துட்டயா?" என்று வரலட்சுமி கேட்டார்.

"இல்லீங்க்கா." அவன் குரலில் மரியாதை சற்றும் குறையவில்லை. "அப்பறமுங்க சார்?"

கோவிந்தராஜுலு திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பேக்கரிப் பலகையைப் படிப்பவர்போல் அமர்ந்திருந்தார்.

"நம்ம ஜூனியர் டீம் கலீல் ஒரு தடவை உக்கடம் வரைக்கும் உங்ககூட வந்தானுங்களே, தூங்கற மாதிரி கண்ணை மூடிட்டு. அவன்தான் சொன்னான். நீ எறங்குனதுக்கு அப்பறம்தான்டா மேட்ச்சே ஆரம்பிக்குதுன்னு" என்றான் ரியாஸ். "நீங்க வண்டிய எடுங்க மாமா. நான் மலுமிச்சம்பட்டில எறங்கிப் பஸ் புடிச்சு வந்துக்கறேன். இன்னைக்கு எனக்கும் அதைக் கேக்கணும்."

சிக்கந்தர் வரலட்சுமியைப் பார்த்தார். வரலட்சுமி தம் கைப்பையைப் பார்த்தார். வேறு வழி தோன்றாமல் சிக்கந்தர் வண்டியை எடுத்தார்.

"என்ற மாமா ஒருத்தரு மலுமிச்சம்பட்டி பம்ப் கம்பெனியில வேலை சொல்லி வெச்சிருக்காருங்க. நாளைக்குக் காலையில வரேன், வரலைன்னு சொல்லிப்போடணும். ஷிப்ட்டு வேலை. சேந்துட்டா பிராக்டிஸ் முடியாது, ஆட்டமும் முடியாது" என்றான் ரியாஸ். "அம்மா, உங்களைக் கேட்டுட்டு வரச் சொல்லுச்சுங்க்கா. அவங்க என்ன சொல்றாங்களோ அதும்படி செய்யின்னு. நான் பெரிய டீமுக்குப் போவனா, போகமாட்டனா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"அதெல்லாம் அவனவன் உழைப்புங்க" என்று கோவிந்தராஜுலு தொடங்கினார். "முயற்சி இருந்தா…"

"சார், இது கிணத்துக்கடவுக்கு முன்னாடி பேசுற பேச்சுங்க."

கோவிந்தராஜுலு வாயை மூடிக்கொண்டார். சிக்கந்தர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "உன்ற வேகம் யாருக்கு இருக்கு சொல்லு…" என்று இழுத்தார். எதிரே ஒரு லாரி வந்தது. அந்தச் சாக்கில் அவரும் நிறுத்திக்கொண்டார்.

மிச்சமிருந்தது வரலட்சுமிதான். இந்தப் பையனின் தாயார் இவ்வுலகில் யாரிடமாவது கேட்டு வரச் சொல்லியிருந்தால், அது தம்மிடம்தான் என்பது அவருக்குத் தெரியும். பொய் சொல்வது மிகவும் எளிது. 'ஒரு வருசம் பாரு கண்ணு' என்று சொன்னால் எல்லோரும் நிம்மதியாக ஊர் போய்ச் சேரலாம். ஆனால் அந்த ஒரு வருடம் அவனுடையது.

"உனக்கு இடது காலே இல்ல கண்ணு" என்றார்.

ரியாஸ் குனிந்து தன் இடது காலைப் பார்த்தான்.

"பந்து இடது பக்கம் வந்தா நீ ஒதைக்கறதில்ல. சுத்தி வலது பக்கம் கொண்டாந்துக்கற. அது பாக்கறதுக்கு அழகா இருக்குது. ஆனா அந்தச் சுத்து உன்ற இடது காலை மறைக்கறதுக்குத்தான். இங்க ஆடுறவங்களுக்கு அது புரியல, உட்டுட்டாங்க. இன்னைக்கு வந்தவருக்குப் புரிஞ்சுபோச்சு. பெரிய டீமுல எல்லாத்துக்கும் புரியும்."

"இது உங்களுக்கு எப்ப இருந்துங்க்கா தெரியும்?"

வண்டி ஒத்தக்கால்மண்டபத்தைக் கடந்துகொண்டிருந்தது. வரலட்சுமி பதில் சொல்வதற்குக் கடைத்தெரு முழுவதும் பின்னால் போகவேண்டியிருந்தது.

"முதல் நாளே தெரியும்."

"மூணு பேத்துக்குமேங்களா?"

"எனக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் தெரிஞ்சது" என்றார் கோவிந்தராஜுலு, மிகவும் தாழ்ந்த குரலில். "அடுத்த வருசம்."

"வண்டியில அடிக்கடி பேசுவோம் சாமி" என்றார் சிக்கந்தர். "இந்தப் பையனுக்கு இடது காலை யாராச்சும் பழக்கி உட்டா எங்கியோ போயிருவான்னு சொல்லுவோம். கோச்சு சொல்லித் தருவாருன்னு நெனச்சோம்."

"எந்தக் கோச்சுங்க மாமா?"

இளையோர் அணிக்கென்று முதலில் ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்துகொண்டிருந்தார். பிறகு அவர் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் சாவியை வைத்திருந்த வாட்ச்மேன்தான் மைதானத்தைத் திறந்துவிட்டு, பந்தை எடுத்துக் கொடுத்துவந்தார். பிள்ளைகள் தாங்களே இரண்டு அணியாகப் பிரிந்து, இருட்டும்வரை ஆடிவிட்டுப் போனார்கள். அதையும் இந்த மூவரும் கிணத்துக்கடவு தாண்டிய பிறகு எத்தனையோ முறை வருத்தத்தோடு பேசியிருக்கிறார்கள்.

"மொகத்துக்கு நேரா சொன்னா மனசு ஒடிஞ்சு போயிருவன்னு நெனச்சோமுங்க" என்றார் கோவிந்தராஜுலு. பதினெட்டு வயதுப் பையனுக்கு அவர் 'ங்க' போட்டது அவருக்கே தெரியவில்லை. "நாங்க கைதட்டுறவங்க. சொல்லித் தர்ற எடத்துல இல்லீங்களே."

"அந்தச் சுத்துக்குத்தானுங்க சார் கைதட்டுனீங்க" என்றான் ரியாஸ். கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவன் யோசித்து யோசித்துப் பேசினான். "டிரம் அடிச்சீங்க. நான் வேணும்னே இடது பக்கம் பந்து வாங்கி, அதுக்காவே சுத்துவனுங்க. இன்னைக்குக்கூட டிரம் சத்தம் கேட்டதும், சரியாத்தான் பண்றேன்னு நெனச்சேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சிக்கந்தரின் விரல்கள் ஒருமுறை விரிந்து மூடின.

"இப்பப் பழகுனா வருமுங்களாக்கா?"

அந்தக் கேள்வியை வரலட்சுமி எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வண்டியில் இருந்த மற்ற இருவரும் அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லமாட்டாரா என்று காத்திருந்ததை அவரால் உணர முடிந்தது. பல வருடங்களாகச் சொல்லி வந்த எல்லா நல்ல வார்த்தைகளும் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"நம்ம கிளப்புக்குப் பத்துற அளவுக்கு வரும். நீ கேக்குற அளவுக்கு வராது. அது பதிமூணு, பதினாலு வயசுல வரணும் கண்ணு."

"சரிங்க்கா" என்றான் ரியாஸ்.

மலுமிச்சம்பட்டியில், பம்ப் கம்பெனியின் நீளமான சுற்றுச்சுவருக்கு எதிரே வேன் நின்றது. ஷிப்ட் மாறும் நேரம் போலும். நீலச் சட்டை அணிந்தவர்கள் சாப்பாட்டுப் பையோடு வாயிலில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ரியாஸ் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினான். ஜன்னல் அருகே வந்து குனிந்தான்.

"அம்மாகிட்ட நான் வந்து பேசட்டுமா?" என்றார் வரலட்சுமி.

"வேண்டாமுங்க்கா. நீங்க வந்தா அம்மா டீ வெக்கும், பலகாரம் செய்யும். நீங்களும் நல்லாருக்குதும்பீங்க" என்றான் அவன். சொன்ன பிறகு, அது பெரியவர்களிடம் சொல்லத் தகாத சொல்லோ என்று நினைத்தவன்போல் தலையைக் குனிந்துகொண்டான். "நான் சேந்துக்கறேன்னு சொல்லிப்போடறேன். இருட்டாயிருச்சு, பாத்துப் போங்க."

அவன் சாலையைக் கடந்து, பொள்ளாச்சிப் பேருந்து நிற்கும் பக்கத்துக்குப் போனான். நீலச் சட்டைகளுக்கு நடுவே அவனுடைய பனியனின் முதுகு எண் சிறிது நேரம் தெரிந்தது. அந்த எண்ணை வரலட்சுமி தம் கையாலேயே தைத்திருந்தார். பிறகு ஒரு பேருந்து வந்து மறைத்தது.

வண்டி கிளம்பியது. கதவு சாத்தியாயிற்று, கடைசி வீரனும் இறங்கியாயிற்று. கோவிந்தராஜுலு பழக்கதோஷத்தில் செருமினார். செருமிவிட்டு, அந்தச் சொல்லைச் சொல்லாமல், கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வண்டி ஈச்சனாரியைத் தாண்டியது.

"இனிக் கிணத்துக்கடவுல கீழ எறங்க வேண்டியதில்லீங்க" என்று சிக்கந்தர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "பாலத்து மேலயே போயிரலாம்."

கோவிந்தராஜுலு துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

சுந்தராபுரத்து வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது, பின் இருக்கையில் ரியாஸ் வைத்துவிட்டுப் போன டிரம் உருண்டு கதவில் மோதி ஒலித்தது. வரலட்சுமி திரும்பி அதை இழுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அப்போதும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது முனகியது. உக்கடம் வரும்வரை அதன் தோலின் மீது இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்திப் பிடித்தபடியே வந்தார்.