பாப்பா சொன்ன பதில்

சோமனூரில் ஒரு விசைத்தறிக் குடோனில் ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிற மாசாணத்துக்குப் பகலில் இன்னொரு வேலை இருந்தது. தன் நாலு மாதப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. மனைவி சண்முகப்பிரியா காலையிலேயே மில் வேனில் ஏறிவிடுவாள். காதல் கல்யாணம் என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

மாசாணம் அப்பன் முகமே தெரியாமல் வளர்ந்தவன். ஒரு அப்பன் குழந்தையிடம் என்ன பேசுவான் என்று அவனுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? ஆனாலும் பேசினான். பால் புகட்டும்போதும், துணி மாற்றும்போதும் முகத்துக்கு நேரே குனிந்து வாய் ஓயாமல் பேசினான். எந்தத் தறியில் நூல் அறுந்தது, முதலாளி யாரை முறைத்தார், ஒன்று பாக்கியில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. அம்மாவைக் கண்டால் ‘ங்ஙா’ என்று ஊரைக் கூட்டுகிற பாப்பா, இவனிடம் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடுவாள். சத்தமே வராது.

காதுதான் கோளாறோ என்று பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தான். டக்கென்று திரும்பினாள். தொண்டையோ என்றால், சாயங்காலம் அம்மா வந்ததும் அந்தக் கூப்பாடு. ஊசி போட வந்த நர்ஸ் மெர்சியிடம் கேட்டான்.

“பாப்பா நல்லாத்தானுங்க இருக்குது. நீங்க நெறையப் பேசுங்க, அது போதும்.”

இதற்கு மேல் என்ன பேசுவது? அப்படியானால் பாப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று மாசாணம் முடிவுகட்டினான். மனைவியிடம் சொல்ல வெட்கம்.

ஒருநாள் சண்முகப்பிரியா, “ஏனுங்க, பகல்ல பாப்பா என்ன பண்ணுதுன்னு ஒரு வீடியோ புடிச்சு வைங்க” என்று சொல்லிப்போட்டுப் போனாள். அவனும் மாவு டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்துப் பிடித்தான். சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

“நீங்க பேசறது கேக்கவே மாட்டேங்குதுங்களே?”

“போனு கெட்டுப்போச்சாட்டம் இருக்குது அம்மணி.”

போன் கெடவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. உப்பு வண்டிக்காரனின் மைக் கேட்டது. மாசாணத்தின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. குரல் மட்டும் இல்லை.

தறி ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் முகத்துக்கு முகம் நின்று வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். மீசை முளைக்கும் முன்பே தறிக்கு வந்தவன் இவன். எட்ட நிற்கும் மனைவியிடம் குரல் வரும். முகத்துக்கு நேரே குனிந்தால் தானாக அடங்கிவிடும். அது அவனுக்கே தெரியாது.

“ஊமப்படமாட்டம் வாயத்தான் அசைச்சிருக்கறீங்க!” சண்முகப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாசாணம் சிரிக்கவில்லை. வீடியோவை மறுபடி ஓடவிட்டான். இன்னொருமுறையும் ஓடவிட்டான்.

“அம்மணி, இங்க பாரு. நான் நிறுத்துனா பாப்பா வாயை அசைக்கறா. நான் ஆரம்பிச்சா நிறுத்திக்கறா. இத்தன நாளா எனக்குப் பதிலு சொல்லியிருக்கறா, அம்மணி. நான் பேசற மாதிரியே.”

பாப்பாவை வாரி எடுத்து, “கண்ணு!” என்றான். முரட்டுக் குரல். அவள் திடுக்கிட்டு வீறிட்டாள்.

பதறிப்போய்ப் பழையபடி வாயை மட்டும் அசைத்தான். அழுகை நின்றது. அந்த அசைவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் கலந்தான். “கண்ணு... அப்பன்டா...” பாப்பா அவன் உதட்டையே உற்றுப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

“ங்ஙா.”

மாசாணத்துக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்கக் கையில்லை, இரண்டு கையிலும் மகள் இருந்தாள்.