மெழுகிய சுவர்

தாமோதரன் சோம்பேறி இல்லை. பாறையில் துளை போடச் சொன்னால் ஷிஃப்ட் முடியும்வரை நிமிரமாட்டான். படிக்கச் சொன்னால்தான் அவனுக்கு உடனே ஒரு ‘நாளைக்கு’ முளைத்துவிடும்.

சுரங்கத்தில் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணி அடிக்க ஆள் எடுத்தார்கள். கீழே கயிற்றை இழுத்தால் மேலே இஞ்சின் ரூமில் மணி கேட்கும். தூக்க ஒரு கணக்கு, இறக்க ஒரு கணக்கு, ஆள் ஏறினால் ஒன்று, கல் ஏறினால் வேறொன்று. தப்பாக அடித்தால் உயிர் போகும், அதனால் சுரங்கத்தை மேற்பார்வை பார்க்கும் கேப்டன் பரீட்சை வைத்துத்தான் எடுப்பார். தேறினால் தூசி இல்லாத வேலை. தேறாவிட்டால் மறுபடி துளை போடப் போக வேண்டும். அவனோ இப்போதே விடிந்ததும் இரும ஆரம்பித்துவிடுகிறான்.

மணிக் கணக்கு முழுவதையும் வீட்டு மண்சுவரில் கரியால் எழுதிவைத்தான். எழுதியதோடு சரி. சம்பளம் வரட்டும் என்றான், மழை விடட்டும் என்றான், மாரியம்மன் திருவிழா முடியட்டும் என்றான். பரீட்சை திருவிழாவுக்கு முந்தின நாள் என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவே இல்லை.

பரீட்சை அன்று காலை குளித்துவிட்டு உள்ளே வந்தவன் அலறினான். அவன் மனைவி ரத்தினம்மா சாணியும் மண்ணும் குழைத்துச் சுவரை மெழுகிக்கொண்டிருந்தாள். கரி எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை.

“இன்னாம்மே பண்ணிட்ட! சாயங்காலம் பரீட்சை! இப்போதான் உக்காந்து படிக்கலாம்னு இருந்தேன்!”

“எத்தினி நாளா இருந்த? திருவிழாவுக்கு ஊரே மெழுவுது, நம்ம வூடு மட்டும் கரியா கெடக்கணுமா?”

சொம்பை வீசி எறிந்தான். திட்ட வாயெடுத்தவனுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்தபோது கோபம் போய்விட்டிருந்தது, பயம்தான் மிச்சம். கணக்குத் தெரிந்தவர்கள் ஷிஃப்டில் கீழே இருந்தார்கள், இஞ்சின் ரூமுக்குள்ளோ வெளியாளை விடமாட்டார்கள்.

ஓடிப்போய் இஞ்சின் ரூம் பக்கம் குந்தினான். மணி அடிக்கும், கூண்டு போகும், வரும். ஆளா, கல்லா என்று கண்ணால் பார்த்து வாயால் முணுமுணுத்தான். முதலில் எல்லாம் தப்பு. வெயில் ஏற ஏற, கூண்டு அசைவதற்குள்ளேயே சொல்ல வந்துவிட்டது. இத்தனை நாளும் காதில் விழுந்த மணிதானே என்று அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ரத்தினம்மா பானையில் கூழ் கொண்டுவந்தாள். “எல்லாம் வந்துடுச்சா?”

“ஒண்ணுதான் வரலம்மே. அடிபட்டவனை ஏத்துற மணி. காத்தாலருந்து ஒருதபாகூட அடிக்கல.”

அவள் பானையின் மேல் விரலால் தட்டினாள். மெதுவாக ஒன்று. கொஞ்சம் விட்டு, படபடவென்று ஐந்து. சுரங்கத்தை ஒட்டித் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த ஒரே மணி அது. அவள் அண்ணன் துரை அந்த மணியோடுதான் மேலே வந்தான், பிணமாக.

“நீ தட்டு,” என்றாள். தட்டினான். “இன்னொரு தபா.”

சாயங்காலம் கேப்டன் அவனைக் கீழே கூட்டிப்போனார். கேட்டதையெல்லாம் சரியாக அடித்தான். கடைசியாக, அடிபட்டவனுக்கான மணியைக் கேட்டார். தாமோதரன் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

மேலே, லைன் வீடுகளிலிருந்து சாணிக் கையோடு பெண்கள் ஓடிவந்தார்கள். அது பரீட்சை மணி என்று தெரிந்தவள் ரத்தினம்மா ஒருத்திதான். பரீட்சைதான், போங்க என்று சொல்லத்தான் அவளும் ஓடினாள். ஓடிவந்ததும் துரையைத் தூக்கிவந்த கூண்டுதான் கண்ணில் பட்டது. கூண்டு மேலே வந்து, அவன் தன் காலால் நடந்து வெளியே வரும்வரை அவர்களோடு நின்று அழுதாள்.