ஐந்தாம் நம்பர் மெஷினில் அரிசி

ஐந்தாம் நம்பர் கணக்கு மெஷினைத் துடைக்கக் கவிழ்த்தபோது மேசையில் இரண்டு அரிசி விழுந்தது. ஜெயலட்சுமிக்குச் சந்தேகப்பட அவ்வளவு போதும். வெறும் வாயையே மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி.

போர்ட் பிளேரில் அந்தக் கல்லூரிக்குப் புள்ளியியல் பாடம் வந்து நாலு வருஷம். கைப்பிடியைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கும் மெஷின்கள் எட்டு, அவற்றுக்கு ஓர் அறை, அறைக்கு ஜெயலட்சுமி பொறுப்பு. மாணவர்கள் ஆளுக்கு ஆறு ரூபாய் மெஷின் கட்டணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் ஒவ்வொரு மே மாதமும் மெட்ராஸிலிருந்து மிஸ்திரி கப்பலில் வந்து பழுது பார்த்துவிட்டுப் போவார். ஏற்பாடெல்லாம் ஹெட் கிளார்க் பக்தவத்சலத்துடையது. அப்போது ஜெயலட்சுமி லீவில் ஊருக்குப் போயிருப்பாள். ஜூனில் திரும்பி வந்து, மெஷின்கள் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, மிஸ்திரியின் பில்லில் 'வேலை திருப்தி' என்று கையெழுத்துப் போடுவாள்.

சந்தேகம் தினக்கூலி அட்டெண்டர் தங்கையா மேல் விழுந்தது. சனிக்கிழமை மதியம் கோணிப்பையோடு தன் ஊரான சௌல்தாரிக்கு பஸ் ஏறுகிறான். திங்கள் காலை அதே பையோடு அவளுக்கு முன்னால் வந்து நிற்கிறான். கேட்டால், "தேங்கா, மேடம்" என்பான். சௌல்தாரியிலிருந்து தேங்காய் வரலாம், சௌல்தாரிக்குமா போகும்? எவனோ அரிசி வியாபாரிக்கு மெஷினை வாடகைக்கு விடுகிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். அடுத்த மாதம் அவன் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. பிரின்ஸிபாலிடம் இவள் ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும். சொல்வதற்கு முன் கையும் களவுமாகப் பிடித்துவிட நினைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை அடுத்த பஸ்ஸில் அவளும் சௌல்தாரியில் இறங்கினாள். தங்கையா வீட்டு முற்றத்தில் ஏழாம் நம்பர் மெஷின் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய், அதற்குள் பல்சக்கரங்கள். அவன் மனைவி பூங்கோதை பழைய பிரஷால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிச்சு விக்கறியா?" என்றாள் ஜெயலட்சுமி.

தங்கையா முகத்தில் ஈயாடவில்லை.

"இல்ல மேடம். இந்த ஊர் ஹவா கராப். உப்புக் காத்து ஏறி ரெண்டு மாசத்துல மெஷின் பந்த் ஆயி நின்னுடும். கழுவி, தையல் மெஷின் எண்ண போட்டு, துணில சுத்தி அரிசி டிரம்முக்குள்ள வெப்போம். அரிசி ஈரத்த இழுத்துக்கும்."

"அதுக்குத்தானே மெயின்லேண்ட்லேர்ந்து மிஸ்திரி வர்றான்?"

"எந்த மிஸ்திரி? மூணு வருஷமா யாரும் வரல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஃபைல் தூக்கறது இவருதான்," என்றாள் பூங்கோதை, தலை நிமிராமல். "பில்லுல உங்க கையெழுத்தப் பாத்திருக்காரு. உங்களுக்கும் பங்குன்னு நெனச்சோம்."

ஜெயலட்சுமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரையே சந்தேகப்பட்டவள், வெள்ளைச் சட்டையோடு 'அம்மா' போட்டுப் பேசுகிற ஹெட் கிளார்க் நீட்டிய காகிதத்தை மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வேலி பயிரை மேய்ந்திருக்கிறது, காவலுக்கு நின்றவள் இவள்.

"மெஷின் நின்னா ரூம மூடிடுவாங்க, எனக்கு வேல ஏது? அதான் செஞ்சேன்," என்றான் தங்கையா. "சர்க்கார் சாமான வீட்டுக்குக் கொண்டாந்தது தெரிஞ்சாலும் வேல போயிடும் மேடம்."

திங்கட்கிழமை பக்தவத்சலம் இந்த வருஷத்து பில்லோடு வந்தார். "வியாழக்கிழமை உங்களுக்குக் கப்பல். ஜூன் வரைக்கும் எதுக்கு, இப்பவே கையெழுத்துப் போட்டுடுங்க அம்மா. மிஸ்திரி அடுத்த வாரம் வந்துடுவான்."

அவள் பில்லை ஒதுக்கிவிட்டுப் பிரின்ஸிபாலுக்கு எழுதத் தொடங்கினாள்: 'மூன்று வருஷமாக மிஸ்திரி வரவில்லை. பழுது பார்த்தது தங்கையா, தன் வீட்டில் வைத்து. நான் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.' பக்தவத்சலம் குனிந்து படித்தார்.

"உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்க. சரி, அந்தப் பய யாரக் கேட்டு மெஷின வெளிய கொண்டுபோனான்? முதல்ல போறது அவன் வேலதான்."

பேனா நின்றது. அவர் சொன்னது உண்மைதான். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'தங்கையா மெஷின்களை வீட்டுக்குக் கொண்டுசென்றது என் உத்தரவின்பேரில்.'

மூன்று வருஷம் தெரியாமல் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவள், இந்தத் தடவை தெரிந்தே போட்டாள்.